மரத்தில் தொங்கிய சோறு

என் அப்பாயி கண் மூடும்வரை ஒரு புளியமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், சாலையோரத்தில், அடியில் பொந்து விழுந்த மரம். அப்போது அவருக்கு ஒன்பது வயது. விடியக் கருக்கலில் அவருடைய அம்மா எழுப்பி, வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கித் தலையில் ஏற்றிவிட்டார். கூட வந்த சித்தப்பா பொட்டலங்களை வாழைநாரில் கோத்துத் தாழ்ந்த கிளைகளில் கட்டினார். யாருக்கு என்று கேட்டதற்கு, "நடந்து வர்றவங்களுக்கு" என்றார். வேறு பேச்சில்லை. "திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். பொழுது ஏறி, ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, கிளையில் நார் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததாம்.

கதை அவ்வளவுதான். வந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்பதெல்லாம் பிறகுதான் அப்பாயிக்குத் தெரிந்தது. எனக்கோ கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அப்பாயியின் கதையும் வரலாறும் ஒன்று சேர்ந்தன. அன்று முதல் அந்தச் சாலையில் போக வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். சென்ற ஏப்ரலில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் போய் இறங்கினேன்.

1930 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் 11ஆம் ஆண்டு நினைவுநாள். தண்டியில் காந்தி உப்பெடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். தூரம் 150 மைல். சித்திரை வெயிலில் நாளுக்குப் பத்து மைல் வீதம் நடக்க வேண்டும். ராஜாஜிக்கு வயது 51. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்கென்றே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

கல்லணைக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. ஒரு பக்கம் வாழைத்தோட்டங்கள், மறுபக்கம் காவிரி. ஏப்ரலில் அது மணல்தான். மேட்டூர் அணையே 1934இல்தான் கட்டி முடிந்தது என்பதால், அவர்கள் நடந்தபோதும் கோடையில் இதே வெண்மணல்தான் கிடந்திருக்கும். கரையில் இறங்கி அந்த மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். காலை ஒன்பதரை மணிக்கே செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது.

தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக அப்போது இருந்தவர் ஜே.ஏ. தார்ன். தொண்டர்களைத் தடியால் அடித்தால் கூட்டம் பெருகும், பட்டினி போட்டால் தானாகக் கலையும் என்பது அவருடைய கணக்கு. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுப்பவர்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு என்று தமிழில் துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கச் செய்தார்.

இந்த ஆணை எந்த ஜில்லாவில் போடப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மராட்டிய மன்னர்கள் ராமேசுவரத்துக்குப் போகும் பாதை நெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்ட மண் இது. வழிப்போக்கன் திண்ணையில் உட்கார்ந்தால், யார், எந்த ஊர் என்று கேட்கும் முன்பே சொம்பில் தண்ணீர் வந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளிடம் போய், பசித்தவனுக்குச் சோறு போடாதே என்று ஒரு சர்க்கார் சொன்னது. என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: தண்டிக்கோ வேதாரண்யத்துக்கோ நடக்க முடியாத ஆயிரக்கணக்கான பெண்களைப் போராட்டத்துக்குள் கொண்டுவந்தது தார்னின் அந்தத் துண்டுப் பிரசுரம்தான். அதுவரை உலை வைப்பது அன்றாட வேலை. மறுநாளிலிருந்து அதற்கு ஆறு மாதச் சிறை.

சனங்கள் பயந்தார்கள் என்பதும் உண்மை. பயத்தை வைத்துக்கொண்டே வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாறியபோது, மணலுக்குள் பெரிய பாத்திரங்களில் உணவைப் புதைத்து வைத்துவிட்டு இடத்தை மட்டும் காட்டினார்கள். மரத்தில் தொங்குவதை யார் கட்டினார்கள் என்று எந்தப் போலீஸ்காரர் நிரூபிப்பார்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அந்த மறைப்புகூட வேண்டாம் என்று வெளிப்படையாகவே விருந்து வைத்தார், சிறைக்குப் போனார். திருத்துறைப்பூண்டியில் தங்க இடம் கொடுத்த இராமச்சந்திர நாயுடுவும் அப்படியே சிறைக்குப் போனார்.

தேசபக்தி என்றால் எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது வேறு. ஆகஸ்ட் 15 காலையில் சட்டைப் பையில் குத்திய காகிதக் கொடி, உறுதிமொழி, ஆரஞ்சு மிட்டாய். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொடி ஏறும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது, அது நிமிரத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சடங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க நாட்டை எப்படி நேசிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாயிக்கு அதை ஒரே விடியலில், கூடை சுமக்க வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நான் தேடிப் போனது அதைத்தான்.

திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று பேருந்து மாறி மாறி இரண்டாம் நாள் இரவு வலங்கைமானில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினேன். நீடாமங்கலம் வரை, அவர்களுடைய ஒரு நாள் நடையையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்று.

முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் நாரைகள். அறுப்பு முடிந்த வயல்களில் அங்கங்கே பருத்தியும் எள்ளும். எள்ளுப் பூ வெளுத்துக் கிடந்தது. ஏழரை மணிக்குமேல் தார்ச்சாலை தன் வேலையைக் காட்டியது. எட்டு மணிக்கு என் தண்ணீர்ப் புட்டியில் கால்வாசிகூட இல்லை. நிழல் தேடினேன். சாலையை அகலப்படுத்தியதில் ஓர மரங்கள் போய்விட்டிருந்தன. புதிதாக நட்ட கன்றுகளுக்குக் கம்பிக்கூண்டு போட்டிருந்தார்கள். அந்தக் கன்றுகளின் நிழலில் ஒரு கோழிகூட நிற்க முடியாது. நூறு பேர், கையில் உணவு இல்லாமல், அடுத்த வேளைச் சோறு வருமா என்று தெரியாமல் இந்த வெயிலில் பதினைந்து நாள் நடந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வராத மரியாதை, அந்த எட்டு மணி வெயிலில் வந்தது.

வழியில் ஒரு பாலத்தின்மேல் சைக்கிளில் போன பையன் ஒருவனை நிறுத்தி, இது என்ன ஆறு என்று கேட்டேன். "தெரியாதுங்கண்ணே, வாய்க்கா" என்றான். பின்னாலேயே புல்லுக்கட்டோடு வந்த அம்மா, "வாய்க்காலா? வெண்ணாத்துத் தண்ணிடா இது. இது வந்தாத்தான் உனக்குச் சோறு" என்று அவனை அதட்டிவிட்டுப் போனார். அவனை அதட்டியது என்னையும் அதட்டியதுதான். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு. டெல்டாவில் பிறந்த அப்பாவின் மகன் நான். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்ல எனக்கு நாற்பத்தைந்து வயது வேண்டியிருந்தது. தெரியாத ஒன்றை நேசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரியும் இடத்தில் அன்று சாயங்காலம் போய் நின்றேன். மதகுக்குக் கீழே தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் பிள்ளைகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மதகில் திறந்தால் எந்த ஊருக்குப் பாயும் என்று அங்கே இருந்த ஒரு விவசாயி கைவிரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். என் நாட்டின் வரைபடம் என்று நான் மனத்தில் வைத்திருக்கும் படங்களில் இப்போது அந்த மண்கோடும் இருக்கிறது.

புளியமரம் கிடைக்கவில்லை. பாதி வழியில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும்.

"பொந்து வச்ச புளியமரமா? தம்பி, இந்த ரோடு பூரா புளியமரமாத்தான் நின்னுச்சு. எல்லாத்துலயும் பொந்து இருக்கும். ரோடு போட்டப்ப ஒண்ணொண்ணா போச்சு."

எதற்காகத் தேடுகிறேன் என்று சொன்னேன். அவர் பாய்லரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வூட்லயும் இந்தக் கதை உண்டு. ஆனா எங்களுக்கு ஆலமரம். எங்க தாத்தா மரத்துல தண்ணிப்பானை கட்டுனாராம்." பிறகு, "உங்க அப்பாயி என்ன சோறுன்னு சொன்னாங்க?"

"புளிச்சோறு."

"ஆங். சித்திரையில வெள்ளைச்சோறு கட்டுனா மத்தியானத்துக்குள்ள ஊசிப்போயிரும். எப்ப வருவாங்கன்னு தெரியாதுல்ல. அதான் புளி."

எத்தனையோ முறை அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். ஏன் புளிச்சோறு என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. முகம் தெரியாத நூறு பேருக்கு, அவர்கள் எப்போது வந்தாலும் கெடாமல் இருக்கட்டும் என்று ஓர் அம்மா நள்ளிரவில் புளி கரைத்திருக்கிறார். கொள்ளுப்பாட்டியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருடைய கைப்பக்குவம் அந்த டீக்கடையில் எனக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. அந்த நடையில் தொண்டர்கள் உப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. கதர் உடுத்தச் சொன்னார்கள், தீண்டாமையை விடச் சொன்னார்கள். மிராசுதார் வீடுகளில் பொங்கிய அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களுடைய குடிசைகள் இந்தச் சாலையிலிருந்து தள்ளித் தள்ளி இருந்தன. அவர்கள் வீட்டுக் கதைகளில் புளியமரம் இருக்குமா? வெள்ளைக்காரன் போனதும் அவர்களுக்கு விடுதலை வந்துவிடவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல், விவசாயத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் இதே ராஜாஜி. நாட்டை நேசிக்கிறவன் அதன் பெருமையோடு இந்தக் கணக்கையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அம்மா மேல் பாசம் இருப்பவனுக்கு அம்மாவின் நோயும் தெரிந்திருக்கும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல வண்டிகள் ஊர்க்கோடி வரை நின்றிருந்தன. கால் கொப்பளித்துவிட்டது. அங்கிருந்து மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் பேருந்தில்தான் போனேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில் பாதை. ஒரு காலத்தில் வேதாரண்யம் உப்பை ஏற்றிப்போன பாதை. பல ஆண்டுகள் வண்டி ஓடாமல் கிடந்து, அகலப் பாதையாகி 2023இல்தான் மறுபடி திறந்தார்கள். வண்டி நேரம் எனக்கு ஒத்துவராததால் பேருந்திலேயே போனேன். வேதாரண்யம் நெருங்க நெருங்க நெல் வயல் மறைந்து சவுக்கும் தென்னையும் மாமரமும் வந்தன. தென்னைகளில் தலையில்லாமல் மொட்டையாக நிற்பவை இன்னும் சில. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கத்தில்தான்.

தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். உள்ளூரில் எல்லா ஏற்பாடுகளையும் தோளில் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. சர்தார் என்ற பட்டத்தோடுதான் ஊர் இன்றும் அவரைச் சொல்கிறது. சிறை சென்றார், சொத்தை இழந்தார். ஏப்ரல் 30 காலை அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பெடுத்தார், கைதானார். அதோடு நின்றுவிடும் என்று சர்க்கார் நினைத்திருக்கலாம். அணி அணியாக ஆட்கள் உப்பெடுக்க வந்துகொண்டே இருந்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை சென்றார். உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறைப்பட்ட முதல் பெண் அவர். இந்தப் போராட்டத்தில்தான் 26 வயதுக் காமராஜரும் சிறைக்குப் போனார், வங்காளத்து அலிப்பூர் சிறை வரை.

இந்தப் பெயர்களெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. வேதாரண்யத்தில் எனக்குப் பிடித்த பெயர் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளி. அவருக்கு ஊரில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ஊரார் சொல்லும் கதை இது: சத்தியாக்கிரகிகளை அடிக்கும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று வைரப்பன் முடிவு செய்திருந்தார். ஒரு நாள் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவருக்குப் பாதி முகம் சவரம் செய்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டார். மீதியைச் செய் என்று மிரட்டியும் செய்யவில்லை. நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியபோதும் மறுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்.

தூணருகே நின்றபோது ஒன்று தோன்றியது. அந்த மனிதரிடம் இருந்தது ஒரு கத்தி, ஒரு கண்ணாடி, ஒரு கிண்ணம். மேடையில் பேசத் தெரியாது, பேசவும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தன் தொழிலை யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று கண்டுகொண்டார். அன்று இந்தப் பக்கத்துச் சலவைத் தொழிலாளர்களும் போலீசாருக்குத் துணி வெளுக்க மறுத்தார்கள். நான் ஒரு அலுவலகத்தில் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவன். எந்தத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த நாட்கள் உண்டு. அவற்றில் சில நாட்களில் போட்டும் இருக்கிறேன். அந்த நாட்கள் ஒவ்வொன்றும் அங்கே நினைவுக்கு வந்தன.

வேதரத்தினம் 1946இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தின் வாசல் வரை போனேன். உள்ளே பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம் கேட்டது. சிறைக்குப் போய்வந்தவர் அடுத்துச் செய்தது பெண் குழந்தைகளுக்கு ஒரு வீடும் பள்ளியும் கட்டியது.

மறுநாள் காலை அகத்தியம்பள்ளி. நினைவுத்தூணைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் தூரம் வரை உப்பளம். பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடந்தது. அங்கங்கே கீற்று வேய்ந்த உப்பு அம்பாரங்கள். இந்த உப்பைக் கையால் அள்ளினாலே குற்றம் என்றுதான் ஒரு சட்டம் இருந்தது. ஐந்தாறு பெண்கள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகி, நீளக் கம்பு பிடித்த பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை. வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் எனக்குக் கண் கூசியது. அவர்களுக்குக் கண்ணாடி கிடையாது. கால்விரல் இடுக்குகளில் வெடிப்பு. மழை தொடங்கினால் வேலை இல்லை, அந்த மாதங்களுக்குக் கூலியும் இல்லை.

வரப்பில் குந்தியிருந்த என்னைப் பார்த்து ஒருவர், "எந்த ஊரு தம்பி? கல்லுக்கு மாலை போட வந்தீங்களா? அது முப்பதாந்தேதில்ல?" என்றார்.

"இல்லக்கா, சும்மா பாக்க வந்தேன். எங்க அப்பாயி சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவங்களுக்குச் சோறு கட்டுனாங்க."

"யாருக்கு?"

"இங்க உப்பெடுக்க நடந்து வந்தவங்களுக்கு."

அவர் பலகையை ஊன்றிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்துப் பாத்தியிலிருந்த பெண்ணிடம், "ஏ, கேட்டியா, இவங்க அப்பாயி" என்று முழுக் கதையையும் என்னைவிட அழகாகச் சொன்னார்.

நான் குனிந்து பாத்தியிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். ஒரு கல்லை வாயில் போட்டேன்.

"அத எடுக்காதீங்க தம்பி. தண்ணி இன்னும் வடியல, கசக்கும்." கசந்தது. "இருங்க, மேட்டுல பழசு கெடக்கு."

வரப்போடு நடந்து அம்பாரத்துக்குப் போய்க் கீற்றை விலக்கி, இரண்டு கை நிறைய அள்ளி வந்தார். வாங்க என்னிடம் பை இல்லை. அவர் தன் சோற்றுத் தூக்கைத் திறந்து, மேலே மூடியிருந்த வாழையிலைத் துண்டை எடுத்து, உதறி, அதில் உப்பைக் கொட்டினார். கட்ட எதுவும் இல்லாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, இலையின் ஓரத்தையே கிழித்து, நாராக்கி முடிந்து என் கையில் கொடுத்தார்.

"வெயிலேறுது. கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கினார்.